ஃபேன் பெல்ட் கத்தினா ஸ்ப்ரே அடிக்கச் சொன்னது பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பத்திரிகையோட வாகனப் பக்கத்த நான் விடாம படிக்கிறவன். டயர் பத்தி, பிரேக் பத்தி எல்லாம் நல்லாவே எழுதுறாங்க, அதுல எனக்கு குறை இல்ல. ஆனா போன வாரம் ஒரு வாசகர், காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சுன்னு சத்தம் வருது, பேட்டரியும் அடிக்கடி டவுன் ஆகுது என்ன பண்ணலாம்னு கேட்டதுக்கு குடுத்திருந்தீங்களே ஒரு பதில், அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல. பெல்ட் மேல டிரெஸ்ஸிங் ஸ்ப்ரே அடிங்க சத்தம் நின்னுடும்னு ஒண்ணு, இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரி வயர கழட்டிப் பாருங்க, வண்டி நிக்கலேன்னா டைனமோ (பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற பார்ட்) நல்லா இருக்குன்னு அர்த்தம்னு இன்னொண்ணு. ரெண்டுமே தப்பு. முதல் யோசனை காச கரியாக்கும், ரெண்டாவது வண்டியோட எலக்ட்ரானிக்ஸ கரியாக்கும். ரெண்டையும் என் வண்டியில செஞ்சு பாத்து நஷ்டப்பட்டவன் நான், அதனாலதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

எனக்கு ஆரம்பத்துல காலைல மட்டும்தான் சத்தம். செல்ஃப் அடிச்சு இன்ஜின் புடிச்ச உடனே கீச்ச்சுன்னு ஒரு நாலஞ்சு செகண்ட், அப்புறம் தானா அடங்கிடும். ராத்திரி பனி விழுந்திருக்கும், பெல்ட் நமுத்துப் போயிருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒரு மாசம் போச்சு, நாலு செகண்ட் அரை நிமிஷம் ஆச்சு. அப்புறம் ஹெட்லைட் போட்டா கத்த ஆரம்பிச்சது, ஏசி போட்டா கத்துச்சு, பார்க்கிங்ல ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா கத்துச்சு. மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டினேன், அவர் பானட்ட தூக்கி ஒரு ஸ்ப்ரேய எடுத்து சர்ர்னு அடிச்சாரு, அடுத்த நொடி சத்தம் நின்னுபோச்சு. சந்தோஷமா வண்டிய எடுத்துட்டு வந்தேன். பத்து நாள்ல திரும்பவும் அதே கீச்சு, இந்த தடவ முன்னவிட மோசமா. மறுபடி போனேன், பெல்ட் போச்சுன்னு புது பெல்ட் போட்டாரு. மூணு வாரம் அமைதி. அப்புறம் திரும்ப வந்துச்சு, அதோட ஒரு நாள் காலைல செல்ஃபே எடுக்கல, டக் டக்னு மட்டும்தான் வந்துச்சு. பேட்டரி போச்சுன்னு சொன்னாரு, அதையும் மாத்தினேன். புது பேட்டரி நாலு மாசம் கூட தாங்கல.

அந்த சமயத்துலதான் வேற ஒருத்தர் டைனமோவ டெஸ்ட் பண்றேன்னு இன்ஜின் ஓடும்போதே நெகட்டிவ் டெர்மினல தூக்கிட்டாரு. இன்ஜின் நிக்கல. பாத்தீங்களா டைனமோ ஃபர்ஸ்ட் கிளாஸ்னாரு. ஆனா அந்த நிமிஷமே ஸ்டீரியோ அணைஞ்சது, அதுக்கப்புறம் அதுக்கு உயிர் வரவே இல்ல. ரெண்டு நாள் கழிச்சு மீட்டர் போர்டுல சம்பந்தமே இல்லாத லைட்டெல்லாம் எரிய ஆரம்பிச்சது. அப்பவும் சத்தம் போகல, சார்ஜும் ஏறல.

கடைசில ஒரு வயசான ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போய் சேந்தேன். அவர் எந்த பார்ட்டையும் கழட்டல. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர எடுத்து பேட்டரியோட ரெண்டு முனையில வச்சாரு, என்ன ஸ்டார்ட் பண்ணச் சொன்னாரு, ஹெட்லைட், பிளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாத்தையும் ஒண்ணா போடச் சொன்னாரு. சத்தம் வந்துச்சு. தம்பி மீட்டர பாருன்னாரு. கத்தும்போது 12.9, அப்படியே 12.7னு இறங்குது. லைட்ட அணைச்சதும் சத்தம் நின்னுச்சு, மீட்டர் 14.2க்கு ஏறுச்சு. திரும்ப லைட், திரும்ப கீச்சு, திரும்ப 12.9. அவ்வளவுதான், அஞ்சு நிமிஷம் கூட ஆகல. இத்தன மாசமா சத்தம் ஒரு பிரச்சன, பேட்டரி வேற ஒரு பிரச்சனன்னு நெனச்சிட்டு இருந்தேன், ரெண்டும் ஒண்ணுதான்னு அந்த மீட்டர்லதான் தெரிஞ்சது. பெல்ட் வழுக்குது, வழுக்குறதால கத்துது, வழுக்குறதால டைனமோ சரியா சுத்தல, சுத்தாததால சார்ஜ் ஏறல.

இத கொஞ்சம் விளக்கணும், ஏன்னா இது புரிஞ்சா மத்ததெல்லாம் தன்னால புரியும். நாம பழக்கத்துல டைனமோன்னு சொல்றோமே அது இப்ப இருக்கிற வண்டிகள்ல ஆல்டர்னேட்டர். இன்ஜினோட கிராங்க் புல்லியிலிருந்து (இன்ஜின் தண்டு முனையில இருக்கிற பள்ளம் வச்ச சக்கரம்) பெல்ட் வழியா அதுக்கு சுத்து கிடைக்குது. அதோட புல்லி சின்னது, அதனால இன்ஜின் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள ஆல்டர்னேட்டர் ரெண்டு மூணு சுத்து சுத்தும். சின்ன புல்லிங்கறதால பெல்ட் அதுல புடிச்சிருக்கிற இடமும் கம்மி. ஆனா லோடு கம்மி இல்ல. 14 வோல்ட்ல 100 ஆம்பியர் குடுக்குதுன்னா அது 1400 வாட், உள்ள வீணாகுற சூட்டையும் சேத்தா பெல்ட் அதுக்கு இழுத்துக் குடுக்க வேண்டியது ரெண்டு கிலோவாட்டுக்கும் மேல, அதாவது மூணு குதிரைசக்தி கிட்ட. அந்த சின்ன புல்லியில, நாலு விரல் அகலம் கூட இல்லாத ரப்பர் பட்டை, மூணு குதிரைசக்தி. டென்ஷன், அதாவது பெல்ட்டோட இறுக்கம், கொஞ்சம் கொறஞ்சாலும் முதல்ல வழுக்குறது அந்த இடத்துலதான்.

காலைல ஏன் முதல்ல கத்துது? ராத்திரி முழுக்க நின்ன பேட்டரில இருந்து செல்ஃப் மோட்டார் ஒரே இழுப்புல நூத்துக்கணக்கான ஆம்பியர் எடுத்திருக்கு, இன்ஜின் புடிச்ச உடனே ஆல்டர்னேட்டர் அந்த கடன திருப்பி அடைக்க முழு மூச்சா வேல செய்யும், லோடு அப்பதான் உச்சம். பேட்டரி ஏற்கனவே பாதி காலியா இருந்தா இந்த இழுப்பு இன்னும் அதிகமா இருக்கும், இன்னும் நீளமா இருக்கும். அதனால பெல்ட் வழுக்கினா பேட்டரி காயும், பேட்டரி காஞ்சா ஆல்டர்னேட்டர் இன்னும் இழுக்கும், அது இழுத்தா பெல்ட் இன்னும் வழுக்கும். என் வண்டி மாசக்கணக்குல இந்த சுழல்லதான் மாட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் ஒவ்வொரு தடவையும் அந்த சுழல்ல ஒரு பார்ட்ட மாத்திட்டு முடிஞ்சதுன்னு வந்துட்டு இருந்தேன்.

ஸ்ப்ரே என்ன பண்ணுது? பெல்ட் மேல பிசுபிசுப்பா ஒரு பூச்சு பூசுது, கொஞ்ச நாளைக்கு புடிக்கும். அந்த பிசுபிசுப்புல தூசியும் மண்ணும் ஒட்டும், அது புல்லி பள்ளத்துல போய் அடையும், அப்புறம் அந்த தூசியே உப்புத்தாள் மாதிரி பெல்ட்ட தேய்க்கும். இன்னொரு பெரிய தப்பு என்னன்னா, சத்தம் நின்னுபோறதால தப்பு எங்கன்னு கண்டுபுடிக்க இருந்த ஒரே தடயமும் போயிடும். சிலர் சோப்பு தேய்ப்பாங்க, சிலர் பவுடர் போடுவாங்க, அதுவும் இதே கதைதான்.

ஸ்ப்ரேக்கு பதிலா வெறும் தண்ணி போதும், ஆனா சத்தத்த நிறுத்துறதுக்கு இல்ல, கண்டுபுடிக்கிறதுக்கு. இது அந்த எலக்ட்ரீஷியன் எனக்கு காட்டினது, பெல்ட் தயாரிக்கிறவங்களே சொல்ற முறைதான். இன்ஜின் ஐட்லிங்ல ஓடும்போது கொஞ்சம் தள்ளி நின்னு பெல்ட்டோட பள்ளம் இருக்கிற பக்கத்துல ஸ்ப்ரே பாட்டில்ல லேசா தண்ணி அடிங்க. சத்தம் இன்னும் பலமா ஆச்சுன்னா பெல்ட் வழுக்குது, அதாவது டென்ஷன் போதல, இல்ல பெல்ட் தேஞ்சிருக்கு. சத்தம் சட்டுன்னு அடங்கி கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா அது நேர்கோட்டு பிரச்சன, ஏதோ ஒரு புல்லி மத்ததோட ஒரே வரிசையில இல்ல, பெல்ட் பக்கவாட்டுல உரசிக்கிட்டு ஏறுது. இந்த ரெண்டாவது வகைல வர்ற சத்தமும் வேற மாதிரி இருக்கும், நீளமா கீச்சுன்னு இருக்காது, குருவி கத்துற மாதிரி விட்டு விட்டு வரும், இன்ஜின ரேஸ் பண்ணினா அந்த விட்டு விட்டு வர்றதும் வேகமாகும். தண்ணிக்கு சத்தம் எந்த மாத்தமும் காட்டலேன்னா பெல்ட்ட விட்டுட்டு பேரிங் பக்கம் பாக்கணும்.

இங்க ஒரு எச்சரிக்கை, இத அலட்சியமா எடுக்காதீங்க. ஓடுற பெல்ட் பக்கத்துல கைய கொண்டு போகவே கூடாது. துப்பட்டா, தொங்குற சட்டை, அவுத்துவிட்ட முடி, ஐடி கார்டு கயிறு எதுவும் அங்க தொங்கக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்துல ஓடுறது, சில வண்டிகள்ல இன்ஜின ஆஃப் பண்ணின பிறகும் தானா சுத்த ஆரம்பிக்கும். தொட்டுப் பாக்கணும்னா இன்ஜின ஆஃப் பண்ணி சாவிய கையில எடுத்துட்டுதான் தொடணும்.

பெல்ட்ட கண்ணால பாக்குறதுல ஒரு பழைய பழக்கம் இப்ப நம்மள ஏமாத்துது. முன்னாடி வந்த நியோப்ரீன் பெல்ட் வயசானா குறுக்க குறுக்க வெடிக்கும், அத பாத்து மாத்திடலாம். இப்ப வர்றது பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், அது லேசுல வெடிக்காது, டயர் தேயுற மாதிரி தேயும். வெடிப்பே இல்லையே புதுசு மாதிரி இருக்கேன்னு நெனப்போம், ஆனா வரிவரியா இருக்கிற ரப்பர் தேஞ்சு பள்ளம் அகலமாகி புல்லியோட அடிவரைக்கும் பெல்ட் இறங்கிடும், பக்கவாட்டுல புடிமானம் இருக்காது. இத அளக்க பெல்ட் கம்பெனிகளே சின்னதா ஒரு பிளாஸ்டிக் கேஜ் குடுக்குறாங்க. அது இல்லேன்னாலும் பளபளன்னு கண்ணாடி மாதிரி இருக்கா, ஒரு ஓரம் மட்டும் நூல் பிரிஞ்சிருக்கா, கவர் உள்பக்கம் கருப்பு ரப்பர் தூள் கொட்டியிருக்கான்னு பாருங்க. ஒரு ஓரம் மட்டும் பிரிஞ்சிருந்தா அது திரும்பவும் நேர்கோட்டு பிரச்சனதான். ஆயிலோ கூலன்டோ பட்ட ஈரம் தெரிஞ்சா பெல்ட்ட மாத்துறதுக்கு முன்னாடி கசிவ நிறுத்துங்க, இல்லேன்னா புது பெல்ட்டும் ஊறி உப்பி அதே கதிதான். வாட்டர் பம்ப், வால்வ் கவர் கேஸ்கெட், பவர் ஸ்டீயரிங் ஹோஸ், இந்த மூணுல ஒண்ணா இருக்க வாய்ப்பு அதிகம்.

என் வண்டியில பெல்ட் புதுசு, புல்லி வரிசை சரி, கசிவும் இல்ல. தப்பு டென்ஷனர்ல, அதாவது பெல்ட்ட இறுக்கிப் புடிக்கிற பார்ட்ல. பழைய வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் போல்ட்ட லூஸ் பண்ணி, நெம்பி, கையாலயே பெல்ட்ட முறுக்குவாங்க, நீளமான பகுதியில நடுவுல கட்டைவிரலால அழுத்தினா ஒரு 10 மில்லிமீட்டர் கிட்ட உள்ள போகணும்பாங்க. இப்ப எல்லாத்தையும் சுத்தி போற ஒரே நீள பெல்ட், அத இழுத்துப் புடிக்க ஸ்பிரிங் வச்ச ஆட்டோமேட்டிக் டென்ஷனர். அந்த ஸ்பிரிங்குக்கும் வயசாகும்னு யாரும் யோசிக்கிறதில்ல. இன்ஜின் ஓடும்போது டென்ஷனரோட கைய பாக்கச் சொன்னாரு அந்த எலக்ட்ரீஷியன், அது நிக்காம படபடன்னு ஆடிட்டு இருந்துச்சு, லேசா அசையிறது இயல்பு, ஆனா இப்படி அடிக்கக் கூடாதாம். ஆஃப் பண்ணிட்டு ஸ்பேனர் போட்டு நெம்பினாரு, ஒரே சீரா எதிர்த்து வராம விட்டு விட்டு திக்கித் திக்கி வந்துச்சு. அதோட பாடியில ரெண்டு கோடு இருக்கும், சுட்டி அந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும், என்னோடது கோட்ட தாண்டி வெளிய நின்னுச்சு. புது பெல்ட் போட்டதும் மூணு வாரம் சத்தம் இல்லாம இருந்ததுக்கு காரணமும் அப்பதான் புரிஞ்சது, புது ரப்பருக்கு புடிமானம் அதிகம், தளர்ந்த டென்ஷனர்லயும் கொஞ்ச நாள் சமாளிச்சிருக்கு.

பெல்ட்ட கழட்டினதும் அவர் செஞ்ச இன்னொரு வேலைய எல்லாரும் செய்யணும்னு நெனக்கிறேன். ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்தினாரு, ஐட்லர் (பெல்ட்டுக்கு வழி காட்ட மட்டும் இருக்கிற புல்லி), டென்ஷனர் புல்லி, வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர். கரகரன்னு மண்ணு அரையிற மாதிரி வந்தாலோ, முன்ன பின்ன ஆடினாலோ அதோட பேரிங் போச்சு. பேரிங் இறுகிப்போன ஒரு புல்லி, நல்ல பெல்ட்டயும் நல்ல டென்ஷனரையும் கத்த வைக்கும். நிறைய புது வண்டிகள்ல ஆல்டர்னேட்டர் புல்லியே ஒரு பக்கம் மட்டும் புடிக்கிற மாதிரி உள்ள கிளட்ச் வச்சு வருது, சைக்கிள்ல பின்சக்கர ஃப்ரீவீல் மாதிரி. அது இறுகிட்டா பெல்ட் துடிக்கும், டென்ஷனர் அடி வாங்கும், அது தெரியாம டென்ஷனர மட்டும் மாத்தினா புதுசும் சீக்கிரம் போயிடும். அது ரெண்டு பக்கமும் வழுக்கினா வேற தொந்தரவு, பெல்ட் ஓடும், ஆல்டர்னேட்டர் சுத்தாது.

பார்க்கிங்ல ஸ்டீயரிங் ஒடிக்கும்போது கத்தினா பவர் ஸ்டீயரிங் பம்ப்தான்னு சட்டுன்னு முடிவு பண்ணிடுறாங்க. ஆயில் பம்ப் வச்ச வண்டின்னா அது சரிதான், பெல்ட் மேல அந்த பம்போட லோடு ஏறும். ஆனா எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் வண்டியில பம்பே கிடையாது, அதுல முழுசா ஒடிக்கும்போது மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும், அந்த லோடு ஆல்டர்னேட்டர் வழியாதான் பெல்ட்டுக்கு வரும். என் வண்டி அந்த வகைதான். இல்லாத பம்ப்ப செக் பண்ணணும்னு ஒருத்தர் சொன்னப்ப கூட எனக்கு கேக்கத் தெரியல.

இப்ப ரெண்டாவது யோசனை, பேட்டரி வயர கழட்டுறது. இதுதான் எனக்கு ரொம்ப ஆத்தாமையா இருக்கு, ஏன்னா பெரிய பத்திரிகைல வந்தா நிறைய பேர் நம்பி செய்வாங்க. இது உண்மையான டைனமோ காலத்து பழக்கம். 1960ல க்ரைஸ்லர் கம்பெனி வேலியன்ட் கார்ல ஆல்டர்னேட்டர் போட்டு கொண்டு வந்ததுல இருந்தே டைனமோ காலம் மறைய ஆரம்பிச்சாச்சு, பழக்கம் மட்டும் இன்னும் போகல. அப்ப வண்டியில கம்ப்யூட்டர் கிடையாது, கெட்டுப்போக பெருசா ஒண்ணும் இல்ல. இப்ப இன்ஜினுக்கு, ஏர்பேக்குக்கு, ஏபிஎஸ்க்குன்னு தனித்தனியா கன்ட்ரோல் யூனிட். பேட்டரின்னா கரண்ட் சேத்து வைக்கிற டப்பா மட்டும் இல்ல, வோல்டேஜ் துள்ளினா அத வாங்கி அமுக்குற மெத்தை மாதிரியும் அதுதான். ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு நிறைய கரண்ட் குடுத்துட்டு இருக்கும்போது அத திடீர்னு புடுங்கினா, உள்ள சுத்துற காந்தத்தோட பலம் அந்த நொடியே கொறையாது, கொறையுற வரைக்கும் வோல்டேஜ் எகிறும். தடுப்பு இல்லாத அமைப்புல அது கிட்டத்தட்ட 100 வோல்ட் வரைக்கும் போகலாம், ஒரு செகண்டுல பாதி கூட நீடிக்காது, ஆனா 12 வோல்ட்டுக்கு செஞ்ச சர்க்யூட்டுக்கு அது போதும். இப்ப வர்ற நிறைய ஆல்டர்னேட்டர்ல இத அமுக்க விசேஷ டயோடு இருக்கு, அத நம்பி யாரும் விளையாடக் கூடாது.

அப்படியே எதுவும் கருகலேன்னாலும் அந்த டெஸ்டுல தெரிய வர்றது ஒண்ணும் இல்ல. இன்ஜின் நிக்கலேன்னா ஏதோ கொஞ்சம் கரண்ட் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம். லைட்டும் ஏசியும் போட்டா போதுமான அளவு வருதா, ஆல்டர்னேட்டர் உள்ள கரண்ட்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துற டயோடு ஒண்ணு போயிருக்கா, வோல்டேஜ் அளவுக்கு மேல போய் பேட்டரிய கொதிக்க வைக்குதா, எதுவும் தெரியாது. என் வண்டி அந்த டெஸ்டுல பாஸ் ஆச்சு, மறுநாள் காலைல ஸ்டார்ட் ஆகல.

அதுக்கு பதிலா ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரிய அளங்க. 12.6 இருந்தா முழு சார்ஜ், 12.4 சுமார் முக்கால், 12.2 பாதி, 12க்கு வந்துட்டா கால்வாசிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது ஒருத்தர் மீட்டர பாத்துட்டே இருக்கணும், 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரி பலவீனம். இன்ஜின் ஓடும்போது சாதாரணமா 13.8ல இருந்து 14.5க்குள்ள இருக்கணும், லைட், பிளோயர் எல்லாம் போட்டு இன்ஜின கொஞ்சம் ரேஸ்ல வச்சாலும் பெருசா இறங்கக் கூடாது. 15ஐ தாண்டி நின்னா வோல்டேஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பக்கம் பாக்கணும், பேட்டரி தண்ணி வத்தும். 13க்கு கீழயே நின்னா சார்ஜ் ஏறல. ஆனா ஒண்ணு, சமீபத்துல வந்த நிறைய வண்டிகள்ல ஆல்டர்னேட்டர இன்ஜின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துது, எரிபொருள் மிச்சம் பண்ண வேணும்னே வோல்டேஜ இறக்கும், பிரேக் புடிக்கும்போது ஏத்தும். அந்த வண்டியில ஓடும்போது 12.7 காட்டினா உடனே ஆல்டர்னேட்டர் போச்சுன்னு மாத்திடாதீங்க, லைட்டெல்லாம் போட்டுட்டு கொஞ்ச நேரம் பாருங்க, மேல ஏறுதான்னு பாருங்க. நெகட்டிவ் டெர்மினல்ல சின்னதா ஒரு சென்சார் டப்பா மாட்டியிருந்தா உங்க வண்டி பெரும்பாலும் அந்த வகை.

சார்ஜ் கம்மின்னு தெரிஞ்சாலும் ஆல்டர்னேட்டர் மேல பழி போடுறதுக்கு முன்னாடி வயர அளக்கணும். இத செய்யிறவங்க ரொம்ப கம்மி. இன்ஜின் ஓடி லைட்டெல்லாம் எரியும்போது மீட்டரோட ஒரு முனைய ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற தடி வயர் போல்ட்லயும் இன்னொண்ண பேட்டரி பாசிட்டிவ்லயும் வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழியில எங்கயோ பூசணம் புடிச்சிருக்கு, லூசா இருக்கு. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல, இங்க 0.2க்கு மேல போனா எர்த் சரியில்ல. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் பட்டை துரு ஏறினதுக்கு ஆல்டர்னேட்டர மாத்தினவங்க நிறைய பேர். துரு தேய்ச்சு போல்ட்ட இறுக்கினா முடிஞ்சிருக்கும்.

டயோடு சந்தேகம்னா மீட்டர ஏசி வோல்ட்டுக்கு (குளிர்ற ஏசி இல்ல, மாறுதிசை மின்சாரம்) மாத்தி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியிலேயே வைங்க. ஆல்டர்னேட்டர் உள்ள உண்டாகுறது ஏசிதான், டயோடுங்கதான் அத டிசியா, அதாவது நேர்திசை மின்சாரமா மாத்துது. மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல ஏசி காட்டினா டயோடு ஒண்ணு போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியோவுல இன்ஜின் வேகத்தோட ஏறி இறங்குற ஒரு முனகல் கேட்டாலும் இதுவா இருக்கலாம். கெட்ட டயோடு ராத்திரில பேட்டரிய காலியும் பண்ணும், பகல்ல நல்லா ஓடின வண்டி காலைல எடுக்காது, எல்லாரும் பேட்டரிய திட்டுவாங்க.

மீட்டர் போர்டுல இருக்கிற பேட்டரி லைட் பத்தியும் ஒரு வார்த்த. சாவிய ஆன் பண்ணினதும் அது எரியணும், இன்ஜின் புடிச்சதும் அணையணும். ஆன் பண்ணும்போதே எரியலேன்னா நல்லதுன்னு நெனக்காதீங்க, பல வண்டிகள்ல அந்த பல்ப் வழியா போற கொஞ்சூண்டு கரண்ட்தான் ஆல்டர்னேட்டர எழுப்பி விடுது, பல்ப் ஃபியூஸ் ஆனா சார்ஜே ஆரம்பிக்காம போகலாம். லைட் எரியலேன்னா எல்லாம் சரின்னும் இல்ல, என் வண்டியில கடைசி வரைக்கும் அந்த லைட் எரியவே இல்ல, ஏன்னா ஆல்டர்னேட்டர் வேல செஞ்சுட்டுதான் இருந்துச்சு, போதுமான அளவு செய்யல.

சத்தம்தானே, ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விடுறவங்களுக்காக இத சொல்லியே ஆகணும். அந்த பெல்ட் அறுந்தா போறது சார்ஜ் மட்டும் இல்ல. நிறைய இன்ஜின்கள்ல வாட்டர் பம்பும் அதே பெல்ட்லதான், அறுந்த சில நிமிஷத்துல சூடு ஏறும், அதோட ஓட்டினா ஹெட் கேஸ்கெட் போயிடும். ஆயில் பவர் ஸ்டீயரிங்னா வளைவுல திடீர்னு கல்லு மாதிரி கனக்கும். எல்லாத்தையும் விட பயப்பட வேண்டியது சில டீசல் வண்டிகள்ல, பிரேக்குக்கு வேக்வம் (பிரேக் பெடல லேசாக்குற வெற்றிடம்) குடுக்குற பம்ப் ஆல்டர்னேட்டர் முதுகுலேயே சேந்து இருக்கும். பெல்ட் அறுந்தா அந்த பம்பும் நின்னுடும், ரெண்டு மூணு தடவ பிரேக் மிதிச்சதும் மிச்ச வேக்வம் தீந்து பெடல் இறுகிடும். பிரேக் அடியோட போகாது, ஆனா முழு பலத்தையும் போட்டு மிதிக்கணும், அது தெரியாதவங்க பிரேக்கே புடிக்கலன்னு பதறிடுவாங்க. சரிவுல இறங்கும்போது அப்படி ஆனா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. இப்படிப்பட்ட ஒரு பெல்ட்டுக்கு ஸ்ப்ரே அடிச்சு சத்தத்த மறைக்கச் சொன்னா நான் எப்படி சும்மா இருக்க முடியும்.

டென்ஷனரும் பெல்ட்டும் மாத்தின பிறகு என் வண்டி எல்லா லோடும் போட்டு 14.1ல அசையாம நின்னுச்சு. புது பெல்ட் போடும்போது அவர் பானட் உள்ள ஒட்டியிருக்கிற பெல்ட் போற வழி படத்த பாத்துதான் போட்டாரு, ஒவ்வொரு வரியும் பள்ளத்துல உக்காந்திருக்கான்னு விரலால தடவிப் பாத்தாரு, ஒரு வரி தள்ளி உக்காந்தாலும் சில மணி நேரத்துல பெல்ட் நாராயிடுமாம். ஆனா நாலு மாசம் முன்னாடி வாங்கின பேட்டரி பொழைக்கல. மாசக்கணக்கா அரைகுறை சார்ஜ்லயே கிடந்தா ஈயத் தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு கெட்டியாகிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுசா வாங்காது. அவர் தனியா சார்ஜர்ல ராத்திரி முழுக்க போட்டுப் பாத்தாரு, 12.6 வந்துச்சு, ஆனா செல்ஃப் அடிச்சதும் 8.9க்கு விழுந்துச்சு. இன்னொரு விஷயமும் சொன்னாரு, சுத்தமா காலியான பேட்டரிய வண்டியில மாட்டி ஓட்டியே சார்ஜ் ஏத்திக்கலாம்னு நெனக்கக் கூடாது, ஆல்டர்னேட்டர் இருக்கிற சார்ஜ காப்பாத்தத்தான், செத்த பேட்டரிய எழுப்ப இல்ல, அந்த முழு லோடுல அதோட டயோடும் சூடாகும், பெல்ட்டும் திணறும்.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். போன வாரம் கேள்வி கேட்ட அந்த வாசகர் ஏற்கனவே பேட்டரி டவுன் ஆகுதுன்னு எழுதியிருக்கார், என் வண்டி இருந்த அதே நிலமைதான். அவர் இந்நேரம் ஸ்ப்ரே வாங்கியிருக்கலாம், வயர கழட்ட ஸ்பேனர எடுத்து வச்சிருக்கலாம். அடுத்த இதழ்ல அதே வாகனப் பக்கத்துல, அதே அளவு எழுத்துல, இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயர கழட்டாதீங்கன்னு ஒரு திருத்தம் போடுங்க. என் கடிதத்த முழுசா போட இடம் இல்லேன்னா பரவாயில்ல, அந்த ஒரு வரிய மட்டுமாவது போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்